வெயிலில் வைத்த கேன்

என் நோயின் பெயரை என் வீட்டுக்காரர் மூன்று விதமாகச் சொல்வார். மூன்றும் தப்பு. விசாரிக்க வருகிறவர்களிடம் ஒருநாள் "பார்பீரியா" என்பார், மறுநாள் "போபிரியா" என்பார். அவசரத்தில் ஒருமுறை "மலேரியா மாதிரி ஒண்ணு" என்றே சொல்லிவிட்டார். வந்தவர்கள் கொசுவையும் நகராட்சியையும் திட்டிவிட்டுப் போனார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். சரியான பெயர் போர்ஃபிரியா. ஒன்று மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். இதில் பாதி எனக்கு நினைவிருப்பது, மீதி மற்றவர்கள் சொன்னது. எது எந்தப் பாதி என்று பல இடங்களில் எனக்கே தெரியவில்லை.

நான் சுநந்தா. செங்கம் சாலையில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசை என் பொறுப்பு. வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் வந்து ஏ.டி.எம். எங்கே, மருந்துக்கடை எங்கே, மன அமைதி எங்கே என்று கேட்பார்கள். எல்லா வழியையும் மலையை வைத்துத்தான் சொல்வேன். "மலை உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும், நேராகப் போங்கள்." மலை நகராது என்பதால் இந்த முறையில் இதுவரை யாரும் தொலைந்ததில்லை. அடுத்தவருக்கு வழி சொல்லியே பழகியவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

எங்களுடையது தமிழ்ச் சமணக் குடும்பம். நயினார் வீடு என்றால் இந்தப் பக்கத்தில் புரியும். வேங்கிக்காலில் புது வீடு. என் கணவர் தரணி வேளாண் அலுவலகத்தில் வேலை செய்கிறார். எங்களோடு அவருடைய அம்மா, அதாவது என் அத்தை. எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்துவிடுவோம். இருட்டில் சமைத்தால், சாப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் விழுகிற பூச்சிகள் சாகும் என்பது காரணம். என் அம்மா வீட்டில் பெரியவர்கள் மட்டும் கடைப்பிடித்த வழக்கம் இது. கல்யாணத்துக்குப் பிறகு நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பிவிடுவேன். ஆக, முதல்நாள் மாலையில் சாப்பிட்டால் அடுத்த சோறு மறுநாள் மதியம்தான். அது ஒரு விஷயம் என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் வலி வரவேற்பு மேசையில் வந்தது. ஒரு வெளிநாட்டு அம்மையார் கிரிவலப் பாதையில் செருப்போடு நடக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல இருந்தது. பிழிந்தவர் விடவே இல்லை. அந்த அம்மையார்தான் ஆட்டோ பிடித்து என்னை ஏற்றிவிட்டார். அவர் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். இந்த அளவு வலி இருந்தால் வயிறு கல் மாதிரி விறைத்திருக்க வேண்டுமாம். என்னுடையது மெத்தென்று இருந்தது. ஸ்கேனில் எல்லா உறுப்பும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. வாந்தி வந்ததால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஓரிரு நாளில் வலி போயிற்று. வாயுக் கோளாறு என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. வாயுவுக்கா இந்த ஆர்ப்பாட்டம் செய்தோம் என்று.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடி வலி. இந்த முறை குடல்வால் என்று சந்தேகப்பட்டு அறுவை சிகிச்சை மருத்துவரை அழைத்தார்கள். அவர் வந்து பார்ப்பதற்குள் டிரிப்ஸ் ஏறி எனக்கு வலி விட்டுவிட்டது. வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் முறை தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். அதுவும் நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் கூடியது. காத்திருக்கும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஒரு கல்லோ புண்ணோ கட்டியோ இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. "உனக்கு இன்னாம்மா?" என்று கேட்டால் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் ஊர் வாய் திறந்தது. எதிர்வீட்டு அம்மா நல்லவர்தான், ஆனால் கணக்கில் கெட்டிக்காரர்.

"வீட்டுக்கு வந்தா வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போனா சரியாயிடுது. அப்போ நோவு எங்க இருக்குது? வீட்டுலதான் இருக்குது" என்று தரணியிடமே சொல்லியிருக்கிறார்.

வீட்டில் இருப்பது யார்? அத்தை. மாமியார் கொடுமை என்று தெரு தீர்ப்பே எழுதிவிட்டது. எங்கள் அத்தையோ எறும்பு வரிசை போனால் தாண்டாமல் நின்று வழிவிடுகிறவர். ஒருநாள் மாலை என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"நான் உன்ன இன்னா பண்ணேன் சுநந்தா? என்கிட்ட இன்னா கொற இருந்தாலும் சொல்லிடு கண்ணு. நான் மாத்திக்கிறேன்."

எனக்கு வலியைவிட அது தாங்க முடியவில்லை. இல்லை அத்தை, இல்லை அத்தை என்று அழுதேன். அழ அழ எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை உண்மையிலேயே இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லையோ? எனக்கே தெரியாமல் நான் நடிக்கிறேனோ? என் பெரியம்மா ஒருவர், அம்மாவின் அக்கா, வயிற்று வலி வயிற்று வலி என்றே கத்திக் கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனவர். எங்கள் வீட்டில் அவரைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். அவர் பேச்சு வந்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்தப் பெரியம்மாவின் முகம் கண்ணாடியில் தெரிய ஆரம்பித்தது. நானும் அப்படி ஆகிவிடுவேனா என்பதுதான் அப்போது என் ஒரே கேள்வி. யாரிடமும் அதை நான் கேட்கவில்லை.

நான்காம் முறை போனபோது வேறு ஒரு மருத்துவர் பார்த்தார். என் வயதுதான் இருக்கும். நாங்கள் டாக்டரம்மா என்றே கூப்பிட்டோம். வலி வந்த நாட்களை மட்டுமல்ல, வராத நாட்களையும் கேட்டார். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடியிருப்பதையும் ரத்தத்தில் உப்பு குறைந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் இருக்குது. சந்தேகம்தான். நான் இத புக்குலதான் படிச்சிருக்கேன், நேர்ல பாத்ததில்ல" என்றார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லீங்களே டாக்டர்" என்றார் தரணி.

"ஸ்கேன் உறுப்பப் பாக்கும் சார். உறுப்பு செய்யற வேலையப் பாக்காது. அதப் பாக்கணும்னா ரசாயனம்தான் வழி."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நாம் சாப்பிடுகிற எதையும் உடம்பு அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஒன்றை இன்னொன்றாக, அதை வேறொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. இடையில் உண்டாகிற சரக்குகளுக்கு வளர்சிதைப் பொருட்கள் என்று பெயர். ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளும் இப்படிப் பல படிகளில்தான் தயாராகிறது. அன்னதானக் கூடத்தில் பத்துப் பேர் காய் நறுக்கி, ஒரே ஒரு அடுப்புதான் எரிந்தால் என்ன ஆகும்? நறுக்கிய காய் மலையாகக் குவிந்து நாறும். என் உடம்பில் ஒரு படி பிறவியிலேயே மந்தம் என்பது அவர் சந்தேகம். அதற்கு முந்தின படியின் சரக்கு தேங்கி நரம்புகளைப் படுத்துகிறது. வயிறு, தலை, கை, கால் எல்லாம் அதனால்தான். தேங்கிய சரக்கு சிறுநீரில் வழியும். அதற்கு போர்ஃபோபிலினோஜென் என்று பெயர். பெயரைக் கேட்டதும் தரணி அதைச் சொல்லிப் பார்க்கக்கூட முயலவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா நீங்க தெளிஞ்சிடறீங்க. வலி இருக்கும்போது வர்ற யூரின்தான் எனக்கு வேணும். வலி வீட்டுலதான வருது? வீட்டுலயே பிடிங்க. ஒரு பகல், ஒரு ராத்திரி, ஒரு சொட்டு விடாம. வெளிச்சம் படக் கூடாது, சூடு படக் கூடாது, அந்தப் பொருள் கெட்டுடும். ஃப்ரிட்ஜ்ல வைங்க."

ஒரு பெரிய வெள்ளை கேனைக் கறுப்பு பாலித்தீன் கவரில் சுற்றிக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். என் தலைவிதி இந்த கேனில்தான் இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வலி சொன்னபடி வந்தது. அன்று முழுக்க நான் கட்டிலுக்கும் குளியலறைக்குமாக இருந்தேன். தரணி அலுவலகம் போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்: "இத ஃப்ரிட்ஜ்ல வெச்சிடும்மா." அத்தை சரி என்று தலையாட்டினார். ஒவ்வொரு முறையும் நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார், முகம் சுளிக்காமல். மறுநாள் தரணி கேனைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்தார். அங்கிருந்து அது சென்னைக்குப் போனது.

முடிவு வந்தது. அளவு சாதாரணம்.

டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவர்மேல்தான் பாவமாக இருந்தது. "நான் நெனச்சது தப்பு போல" என்றார். அடுத்ததாக மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அவரும் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். மாமியாரோடு எப்படி என்று அவரும் கேட்டார். ஊரே சொல்கிறது, ரசாயனமும் சொல்லிவிட்டது, நான் மட்டும் ஏன் அடம்பிடிக்க வேண்டும்? மனசுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதும் ஒரு நிம்மதி வந்தது, அதன் பின்னாலேயே பெரியம்மாவும் வந்தார்.

மனசுதான் நோய் என்றால் மனசை அடக்க எங்களுக்குத் தெரிந்த மருந்து நோன்பு. அஷ்டமி வந்தது. அன்று முழுப் பட்டினி இருப்பது என்று நானே முடிவு செய்தேன். எனக்குத் துணையாக அத்தையும் இருந்தார். இருவரும் வடிகட்டிய வெந்நீரை மட்டும் குடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்று அவர் என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு அன்பான நாள் எங்கள் வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. அதுதான் என்னைக் கிட்டத்தட்டக் கொன்றது.

மறுநாள் காலையில் எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் இல்லை. இருந்தது, ஆனால் என்னுடையதாக இல்லை. அதன்பின் எனக்குத் தெரிந்தவை துண்டு துண்டாக இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னலில் மலை தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிர்ச் சுவரில் தெரிந்தது. பிறகு கட்டிலுக்கடியில். மலை நகர்ந்துவிட்டது, வழி கேட்டு வருகிறவர்களுக்கு யாராவது சொல்லுங்கள் என்று நான் கத்தினேனாம். தரணியைப் பார்த்து "உங்கள் அறை தயாராக இல்லை, பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்" என்றேனாம். அவர் உட்கார்ந்தாராம். பாஸ்போர்ட் கேட்டதைச் சொல்லி இப்போதும் சிரிக்கிறார். அன்று அவர் வெளியே போய் அழுததை அத்தைதான் சொன்னார்.

சிறுநீருக்குக் குழாய் போட்டு ஒரு பையைக் கட்டிலோரம் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பார்வையாளர் நேரத்தில் அத்தை உள்ளே வந்தார். என் கையைப் பிடித்தவர், பையைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். உள்ளே இருந்தது நாகப்பழச் சாறு நிறத்தில் கறுத்திருந்தது. ரத்தம் என்று நர்ஸ் பதறி டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அத்தை பதறவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றார்.

"என்னைக்கும்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அந்த கேன்ல."

பிறகு அத்தை சொன்னதைத் தரணி எனக்கு அப்படியே சொன்னார். "ஃப்ரிட்ஜ்ல வைக்கலைங்க. வைக்க மனசு வரல. தேங்கி நிக்கிற தண்ணில ஜீவன் உண்டாவும். இதுல கண்ணுக்குத் தெரியாம இன்னும் ஜாஸ்தியா உண்டாவும்னு எங்க மடத்து சாமிங்க சொல்வாங்க. ஒரு நாள் முழுக்க மூடி வெச்சா எத்தன உசுரு பொறந்து சாவும்? எம் மருமவ நோவு தீரணும்னு வெச்ச கேன்ல பாவம் சேரலாமா? அதான் கறுப்புக் கவர உருவிட்டு மொட்ட மாடில வெயில்ல வெச்சேன். வெயில் பட்டா உண்டாவாதுனு நெனச்சேன். சாயந்திரம் பாத்தா இதே கலரு. எல்லாம் உண்டாகி செத்துப்போச்சுனு பயந்துட்டேன். கவர மறுபடி மாட்டி இவன்கிட்ட குடுத்துட்டேன். யார்கிட்ட சொல்றது? அந்தப் பாவந்தான் இவள இப்படிப் படுக்க வெச்சிடுச்சு."

சொல்லிவிட்டு அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாராம். டாக்டரம்மா திட்டப் போகிறார் என்று தரணி முன்னால் போய் நின்றிருக்கிறார். டாக்டரம்மாவோ குனிந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அது செத்த ஜீவன் இல்ல. நான் தேடின பொருள்தான் வெயில் பட்டு அப்படிக் கறுக்கும். அது அதுல இருந்திருக்குது. லேப்ல அளக்கறதுக்குள்ள வெயில் தின்னுடுச்சு. அவ்ளோதான்."

அதன்பின் எல்லோரும் ஓடினார்கள். புதிதாக எடுத்த சிறுநீரை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் சென்னைக்கு அனுப்பினார்கள். கொஞ்சத்தைக் கீழே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். அதைத் தரணி கூடவே போய்ப் பார்த்தார். சோதனைக் குழாயில் ஒரு கரைசலை விட்டதும் ரோஜா நிறமாகச் சிவந்ததாம். இவர் குதித்துவிட்டார். "இருங்க சார், வேற ஒரு பொருள் இருந்தாலும் இப்படிச் செவக்கும்" என்று டாக்டரம்மா அடக்கினார். பிறகு தண்ணீரோடு கலக்காத ஒரு திரவத்தை அதில் ஊற்றிக் குலுக்கி வைத்தார்கள். எண்ணெய் மாதிரி அது மேலே பிரிந்து நின்றது. சிவப்பு மேலே ஏறினால் அது வேறு பொருள், கீழேயே தங்கினால் நாங்கள் தேடுவது. தரணி குழாயின் முன் குனிந்து நின்றுகொண்டிருந்தார். மேல் அடுக்கு வெளுப்பாகவே இருந்தது. சிவப்பு கீழே அசையாமல் நின்றது. தன் மனைவிக்கு ஒரு நோய் இருக்கிறது என்று தெரிந்து ஒரு மனிதர் சந்தோஷத்தில் கண் கலங்கியதை அந்த ஆய்வகம் முன்பு பார்த்திருக்காது.

சென்னையிலிருந்தும் முடிவு வந்தது. கலவையைப் பிரித்து ஒவ்வொரு மூலக்கூறாக எடை பார்க்கிற இயந்திரம் ஒன்று உண்டாம், அதில் பார்த்தார்களாம். வழக்கமான அளவைவிடப் பல மடங்கு. இத்தனை நாள் எல்லாத் தாளும் சாதாரணம் சாதாரணம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முதல்முதலாக ஒரு தாள் என்னை நம்பியது. தெளிந்த பிறகு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

இந்த நோய்க்கென்று உள்ள ஊசி மருந்து எங்கள் பக்கத்தில் சட்டென்று கிடைப்பதில்லை. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குளுக்கோஸை நிறைய ஏற்றினார்கள். என் அதிர்ஷ்டம், அதிலேயே தேறினேன். மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போனால் உடம்பு அந்தச் சரக்கைத் தயாரிக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பட்டினி கிடந்தால் வேகம் கூடும். எதிர்வீட்டு அம்மாவின் கணக்கு இப்போதுதான் சரியாக விடை வந்தது. ஆஸ்பத்திரியில் என்னைத் தேற்றியது டிரிப்ஸில் இருந்த சர்க்கரை. வீட்டில் என்னைச் சாய்த்தது பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் மதியம் வரை காலியாக இருந்த வயிறு. இதில் யார் குற்றவாளி என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. இது பரம்பரையாக வரும் நோய், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். பெரியம்மா நிறைய நோன்பு இருப்பாரா என்று கேட்டேன். அம்மா, "வலி வந்தா ஜாஸ்தியா இருப்பா. சாமி தீர்த்து வைக்கும்னு இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனிலேயே அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். எந்தெந்த மாத்திரை ஆகாது என்று சொன்னார். நோன்பே கூடாது என்றார். அதோடு நிற்கவில்லை.

"ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இட்லியோ சாதமோ ஏதாவது கண்டிப்பா சாப்பிடணும். இந்தத் தடவ கால் போச்சு, வந்துடுச்சு. அடுத்த தடவ மூச்சு விடற தசைக்குப் போனா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு அத்தையைப் பார்க்கத் தைரியம் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் பொழுது சாய்ந்து அடுப்பு மூட்டாதவர். பெற்ற மகனுக்கு ஜுரம் வந்தபோதுகூடப் பகலில் வடித்த கஞ்சியைத்தான் வைத்திருந்து கொடுத்தவர். நான் வாய்த்துடுக்காக, "அதெல்லாம் முடியாது டாக்டர், எங்க வீட்டுல பழக்கம் இல்ல. சாயந்திரமே ஜாஸ்தியா சாப்பிட்டுக்கறேன்" என்றேன். பக்தியால் சொல்லவில்லை. அவர் எதிரில் இருட்டில் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா என்னை முறைத்தார். அத்தை வீடு வரும்வரை ஆட்டோவில் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மலை அதன் இடத்தில் இருந்தது.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே மூவரும் சாப்பிட்டோம். அத்தை வழக்கம்போல அடுப்பைத் துடைத்தார், சமையலறை விளக்கை அணைத்தார். நான் அறைக்குள் போய்ப் படுத்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டுத்தானே இருக்கிறோம், பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் போனது. நன்றாக இருட்டிய பிறகு சமையலறையில் விளக்கு எரிந்தது. பாத்திரச் சத்தம் கேட்டது. லைட்டர் தட்டும் சத்தம் கேட்டது. தரணி டிவியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே போய் எட்டிப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அத்தை தட்டோடு வந்தார். மூன்று இட்லி, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. தரணியிடம், "அந்தக் கொசுவலயப் போடுடா" என்றார்.

"இப்பவா? இன்னாத்துக்கும்மா?"

"போடுனா போடு."

அவர் கட்டிலைச் சுற்றிக் கொசுவலையைக் கட்டி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினார். அத்தை என்னை உள்ளே உட்காரச் சொல்லி, தானும் வலையைத் தூக்கி உள்ளே நுழைந்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மொபைலில் டார்ச்சைப் போட்டு வலையின் நான்கு மூலையும் பார்த்தார். ஒரு கொசுகூட உள்ளே இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூடியை எடுத்தார். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் வலைக்கு வெளியே மோதிக்கொண்டிருந்தன.

"அதுங்க உசுர அதுங்க வெளியில வெச்சிருக்கட்டும். உன் உசுர நீ உள்ள வெச்சுக்க" என்றார். "ம், சாப்டு."

நான் முதல் வாயை எடுத்தேன். அவர் டார்ச்சை அதன்மேல் பிடித்து, குனிந்து பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். அடுத்த வாய்க்கும் பிடித்தார். என் கண்ணில் வந்த தண்ணீர் இட்லியில் விழுந்தது. அதற்கும் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மியா இருக்குதா?" என்று கேட்டார்.